வங்கிச் சில்லறைப் பாக்கெட்டில் உருப்படியாக ஏதாவது கிடைக்குமா?

கேள்வி – 8 ஜூன் 2024

அமெரிக்காவில் வங்கியிலிருந்து நாணய உருளைகளை வாங்கிப் பிரித்து, உள்ளேயிருந்து வெள்ளிக் காசு எடுக்கிற வீடியோக்களைப் பார்த்தேன். ஆசைப்பட்டு நாகர்கோவிலில் ஒரு வங்கியில் அஞ்சு ரூபாய்ப் பாக்கெட் வாங்கினேன். நூறும் ஒரே வருஷம், ஒரே டிசைன். நம்ம ஊரில் இது வீண் வேலை என்றுதான் தோன்றுகிறது. வேறு யாருக்காவது ஏதாவது கிடைத்திருக்கிறதா?

பதில் – 8 ஜூன், இரவு

கிடைக்கும். நீங்கள் பிரித்தது நாணயச்சாலையிலிருந்து நேரே வந்த பாக்கெட். இயந்திரம் அடித்து, இயந்திரமே எண்ணி, உறையிலிட்டு ஒட்டியது. அதில் நூறும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நமக்கு வேண்டியது பல கை மாறிய பாக்கெட்.

அதுவும் வங்கியில் இருக்கிறது. கடைக்காரர்கள், பஸ் முதலாளிகள், கோயில், சர்ச், பள்ளிவாசல் உண்டியல் எண்ணுபவர்கள் எல்லாம் கட்டிக் கொண்டுவந்து கணக்கில் போடுவது. ஒன்று, இரண்டு ரூபாய் நாணயங்களை எடை போட்டே வாங்கலாம், ஆனால் நூறு நூறாகப் பாலிதீன் உறையில் வாங்கினால் கேஷியருக்கும் வாடிக்கையாளருக்கும் வசதி என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அதனால் இந்த நூறு கணக்கை எல்லா ஊரிலும் பார்க்கலாம். உறையின் வாயை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டியிருப்பார்கள், அல்லது ஸ்டேப்ளர் அடித்திருப்பார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள்.

கேட்கிற விதம் முக்கியம். மாத முதல் வாரம் வேண்டாம், பென்ஷன்காரர்கள் வரிசை. மதியச் சாப்பாடு முடிந்த பிறகு போய், "மேடம், புதுசு வேண்டாம், கடைக்காரங்க கட்டிக் குடுத்த பாக்கெட் இருந்தா அதையே தாங்க" என்று கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகவே எடுத்துத் தருவார்கள். பழைய சில்லறையை வேண்டும் என்று கேட்டு வருகிற ஆள் குறைவு.

9 ஜூன்

வெள்ளி பற்றி. அந்த வீடியோக்களில் தேடுவது முக்கியமாக அரை டாலர் நாணயம். 1964 வரை அடித்த அரை டாலரில் 90 சதவீதம் வெள்ளி, 1965 முதல் 1970 வரை 40 சதவீதம். முகமதிப்பு இன்றும் அப்படியே இருப்பதால் வங்கியில் அரை டாலர் கொடுத்தே வாங்கிவிடலாம். அதுதான் அங்கே நடப்பது.

இங்கே அந்தக் கணக்கு நடக்காது. பிரிட்டிஷ் ரூபாயில் இருந்த வெள்ளி 1940இல் பாதியாகக் குறைந்தது, 1947இல் முழு நிக்கல் ஆனது. சுதந்திரத்துக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்த எந்த ரூபாயிலும் வெள்ளி இல்லை. ஆக, உலோக விலைக்காக இதில் இறங்குபவர் முதல் மாதமே விட்டுவிடுவார். இங்கே தேடுவதற்கு உள்ளவை வேறு: நினைவு நாணயங்கள், நாணயச்சாலைக் குறிகள், அச்சுப் பிழைகள், வெளிநாட்டுக் காசுகள். இவற்றுக்காக உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது.

9 ஜூன், சற்று நேரம் கழித்து

குறி என்றால் எது என்று தனியாகக் கேட்டிருந்தார் ஒரு நண்பர். ஆண்டு எண்ணுக்குக் கீழே பாருங்கள். சின்ன வைரம் மும்பை. ஐந்து முனை நட்சத்திரம் ஹைதராபாத். வட்டப் புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும், நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது.

2000ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் இங்கே தேவை தாங்காமல் வெளிநாடுகளில் அடித்து இறக்கினார்கள். 1999, 2000 ஆண்டு அஞ்சு ரூபாயில் ரஷ்ய எழுத்தில் மூன்றெழுத்துக் குறி இருந்தால் அது மாஸ்கோ. ஒரு ரூபாயில் எம், கே என்று இரண்டெழுத்து இருந்தால் ஸ்லோவாக்கியாவின் கிரெம்னிட்சா. எம் எழுத்தின் மேல் குட்டி வட்டம் இருந்தால் மெக்சிகோ. தக்கலை டீக்கடையில் மீதி வாங்கும் ரூபாய் மெக்சிகோவில் அடித்ததாக இருக்கலாம் என்பதே எனக்கு இந்த வேலையில் பெரிய ஈர்ப்பு.

15 ஜூன்

பாக்கெட்டைப் பிரிக்காமலே உள்ளே பழசு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. அஞ்சு ரூபாய்க்கு மட்டும்.

1992 முதல் 2004 வரை வந்த தடித்த வெள்ளை அஞ்சு ரூபாய், செம்பு நிக்கல் கலவை, 9 கிராம். 2009க்குப் பிறகு வந்த மஞ்சள் நிக்கல் பித்தளை நாணயம் 6 கிராம். இரண்டுக்கும் விட்டம் ஒன்றுதான், 23 மில்லிமீட்டர். ஆகவே மஞ்சள் நாணயம் மட்டும் உள்ள பாக்கெட் 600 கிராம் நிற்கும். உள்ளே ஒவ்வொரு பழைய நாணயத்துக்கும் 3 கிராம் ஏறும். 630 காட்டினால் பத்துப் பழசு. சமையலறைத் தராசே போதும். வங்கியிலேயே தராசு உண்டு, கேட்டால் போட்டுக் காட்டுவார்கள்.

அந்தத் தடித்த அஞ்சு ரூபாய் ஏன் காணாமல் போயிற்று என்பதும் தெரிந்திருக்கும். உலோக மதிப்பு முகமதிப்பை நெருங்கியதும் மூட்டை மூட்டையாக உருக்கப் போனது, எல்லை தாண்டி சவர பிளேடாகவும் ஆனது. 2011 நாணயச் சட்டம் நாணயத்தை உருக்குவதைக் குற்றம் ஆக்கியிருக்கிறது. கையில் வரும் ஒவ்வொன்றும் உலைக்குத் தப்பியது, அதனால் எனக்கு அதன் மேல் தனி மரியாதை.

17 ஜூன்

குலசேகரத்து நண்பர் 645 கிராம் பாக்கெட் வாங்கி, பிரித்துப் பார்த்து, உள்ளே ஒன்றுகூடப் பழசு இல்லை என்கிறார். காரணம் இருக்கிறது. 2019 வரிசை, தானியக் கதிர் போட்டது, அஞ்சு ரூபாயே 25 மில்லிமீட்டர், 6.74 கிராம். அது கலந்தால் எடை ஏறத்தான் செய்யும். எனவே தராசில் வைக்கும் முன் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அகலமான மஞ்சள் நாணயங்கள் மற்றவற்றைவிடத் துருத்தித் தெரியும். அவை நிறைய இருந்தால் எடைக் கணக்கை நம்ப வேண்டாம். வெள்ளை விளிம்பு தடித்துத் தெரிகிறதா என்று கண்ணால் பார்ப்பதே மேல்.

இரண்டு ரூபாய் நாணயத்துக்குக் காந்தம். பழைய பதினொரு பக்க இரண்டு ரூபாய் செம்பு நிக்கல், காந்தத்தில் ஒட்டாது. 2005க்குப் பிந்தைய எஃகு ஒட்டும். பழுதான ஸ்பீக்கரின் காந்தத்தை எடுத்து, கொட்டிய நாணயங்கள் மேல் ஒரு முறை இழுங்கள். தரையில் மிஞ்சி நிற்பவைதான் பார்க்க வேண்டியவை.

2 ஜூலை

எந்த இரண்டு ரூபாய்களைத் தேட வேண்டும் என்கிற கேள்விக்கு. பதினொரு பக்கத்தில் வந்த நினைவு நாணயங்கள் எல்லாமே நல்லவை: நேதாஜி, அரவிந்தர், சிவாஜி, உச்ச நீதிமன்றத்தின் ஐம்பது ஆண்டு, துக்காராம், 2003இல் வந்த ரயில்வேயின் 150 ஆண்டு. ரயில்வே நாணயத்தில் கையில் விளக்குப் பிடித்து ரயில் கார்டாக நிற்கும் யானை இருக்கும், குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் குமரி மாவட்டத்துக்காரனாக எனக்கு ஒரு தனிப் பட்டியல் உண்டு. 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வள்ளுவர் உருவத்தோடு ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய் மூன்றும் வந்தன. கடலுக்குள் 133 அடிச் சிலை திறந்தது 2000 ஜனவரி 1. அதற்கு ஐந்தாண்டு முன்பே வள்ளுவர் நம் சட்டைப் பைக்கு வந்துவிட்டார். அடுத்து காமராஜர் நூற்றாண்டு அஞ்சு ரூபாய். 1969 இடைத்தேர்தலிலும் 1971லும் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது நாகர்கோவில் தொகுதி. பிறகு ஸ்ரீ நாராயண குரு அஞ்சு ரூபாய், அவர் தவமிருந்த குகை நம்ம மருந்துவாழ் மலையில். பிறகு விவேகானந்தரின் 150ஆம் பிறந்த ஆண்டுக்கு 2013இல் வந்த அஞ்சு ரூபாய். கயிறு வாரியத்தின் அறுபதாண்டுக்கு வந்த பத்து ரூபாயையும் சேர்த்துக்கொள்வேன், கயிறு திரித்துப் பிழைத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். அண்ணா நூற்றாண்டு அஞ்சு ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருக்கிறது, அதை விடவே கூடாது.

இந்த ஆறும் ஒரே அட்டையில் வரிசையாக இருந்தால் அது நம் மாவட்டத்துக்கான தொகுப்பு. அனைத்தையும் விலைக்கு வாங்கிவிடலாம், ஒன்றும் பெரிய தொகை இல்லை. முகமதிப்புக்கு, புழக்கத்திலிருந்து, இந்த மாவட்டத்துக்குள்ளேயே எடுக்க வேண்டும் என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட விதி.

3 ஜூலை

வைஷ்ணவதேவி நாணயம் இருந்தால் லட்சக்கணக்கில் தருவார்கள் என்று யாரோ ஒருவர் அனுப்பிய தகவலை இங்கே போட்டிருக்கிறார் ஒரு தம்பி. வேண்டாம் தம்பி. 2012இல் வந்த அந்த அஞ்சு ரூபாயும் பத்து ரூபாயும் ஏராளமாக அடிக்கப்பட்டவை. லட்சம் தருகிறேன் என்பவன் முதலில் பதிவுக் கட்டணம், அப்புறம் வரி என்று உன்னிடம்தான் வாங்குவான். ரிசர்வ் வங்கியின் பெயரையே போட்டு இப்படிக் கமிஷன் கேட்கிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நாணயம் வாங்கி விற்கும் எந்த வேலையிலும் தாங்கள் இல்லை என்றும் சொன்னது. நம் பகுதியில் வயதானவர்கள் சிலர் இதில் பணம் இழந்திருக்கிறார்கள். வீட்டில் பெரியவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

21 ஜூலை

இந்த இழையில் நான் எழுத நினைத்ததிலேயே முக்கியமான விஷயம் இது. கொஞ்சம் நீளும்.

பழைய நாணயம் பத்து, இருபது வருஷம் எங்கே இருந்துவிட்டுத் திரும்பப் புழக்கத்துக்கு வருகிறது? கடையில் இருந்திருந்தால் எப்போதோ தேய்ந்திருக்கும், அல்லது உலைக்குப் போயிருக்கும். நான் பார்த்தவரை நம் பக்கத்தில் அதற்கு இருப்பிடம் நேர்ச்சைக் காசுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தின் பின்னால் வைப்பார்கள். கல்யாணம் கூட வேண்டும் என்று ஒன்று, வெளிநாட்டு விசா கிடைக்க வேண்டும் என்று ஒன்று. சர்ச்சுக்குப் போகிறவர்களும் வேளாங்கண்ணிக்கு என்று தனி டப்பாவில் போட்டு வருவார்கள். போக வேண்டிய கோயிலுக்குப் போக முடியாமல் வருஷங்கள் ஓடிவிடும். அப்புறம் ஒரு நாள் மொத்தமாகக் கொண்டுபோய் உண்டியலில் போடுவார்கள். அந்த முடிச்சுக்குள் இருந்த வரைக்கும் அந்த நாணயத்தை யாரும் தொடவில்லை. 1994ஆம் வருஷத்து நாணயம் 1994இல் இருந்த முகத்தோடே வெளியே வரும்.

உண்டியல் எண்ணி முடித்து வங்கிக்குப் போகிறது. வங்கி பாக்கெட்டாகத் திரும்பக் கொடுக்கிறது. எனவே நல்ல பாக்கெட் எது என்றால் உண்டியல் வழியாக வந்த பாக்கெட். அதை எப்படி அடையாளம் காண்பது? மூக்கால். உறையின் வாயைத் திறந்ததும் விபூதி, கற்பூரம், குங்குமம் கலந்த ஒரு வாசனை அடிக்கும். நாணயங்களின் இடுக்கில் மஞ்சள் கறை இருக்கும், சிங்கத் தலைகளின் பிடரிக்குள் குங்குமம் அப்பிக் காய்ந்திருக்கும். சில நாணயத்தில் துணியின் நெசவுகூடக் கறையாகப் படிந்திருக்கும், குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கோடாக. அப்படி ஒரு பாக்கெட் கிடைத்தால் அவசரப்படாமல், தாளை விரித்து, ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

எனக்கு வள்ளுவர் இரண்டு ரூபாய் வந்தது இப்படி ஒரு பாக்கெட்டில்தான். மண்டைக்காடு கோயில் கொடை விழா முடிந்த சில வாரங்களுக்குப் பிறகு. அது எந்தக் கோயில் உண்டியல் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பதினொரு பக்கமும் கூர் மழுங்காமல் இருந்தது. ஒரு பக்கம் முழுக்க மஞ்சள். யாரோ ஒரு அம்மா எதற்கோ நேர்ந்து முடிந்து வைத்தது. நேர்ந்தது நிறைவேறியிருக்க வேண்டும், அல்லது முடிச்சு உண்டியலுக்கு வந்திருக்காது. அந்த மஞ்சளை நான் கழுவவில்லை. சேகரிப்பாளர் சிலர் கறை என்று மதிப்பைக் குறைப்பார்கள். எனக்கு அந்தக் கறைதான் அது வந்த வழிக்குச் சாட்சி.

22 ஜூலை

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, கோயிலிலேயே நேரடியாகக் கேட்டு வாங்கலாமே என்கிறார்கள் இருவர். வேண்டாம் என்பது என் கருத்து. காணிக்கை எண்ணுகிற இடத்துக்கு ஒரு முறை, ஒரு கணக்கு உண்டு. அதற்குள் நம் விருப்பத்தைக் கொண்டுபோய் நுழைக்கக் கூடாது. வங்கிக்கு வந்த பிறகு அது பொதுச் சில்லறை, அப்போது எடுப்போம்.

7 ஆகஸ்ட்

ஆடி அமாவாசைக் கூட்டம் முடிந்து கன்னியாகுமரிக்குப் போயிருந்தேன். மச்சான் அங்கே சங்கு, சிப்பி மாலை விற்கிற கடை வைத்திருக்கிறார். அவர் கல்லாவைக் கொட்டிப் பார்ப்பது எனக்கு வாடிக்கை. "வந்தாச்சா, எடுத்துக்கோ மச்சான், எண்ணி மட்டும் வெச்சிரு" என்று பெட்டியைத் தள்ளிவிட்டார்.

நாகர்கோவில் வங்கிப் பாக்கெட்டில் நட்சத்திரம்தான் நிறைய வரும், அதாவது ஹைதராபாத். மச்சான் கல்லாவில் புள்ளி நிறைய. டெல்லி, உத்தரப் பிரதேசம் பக்கமிருந்து ரயிலேறி வருகிறவர்கள் சட்டைப் பையில் கொண்டுவந்து, முத்து மாலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிற நொய்டா நாணயங்கள். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் வருவார்கள், அப்போது கல்லாவின் முகமே மாறும். தண்டவாளம் முடிகிற ஊர் இது, அங்கங்கே அடித்த காசெல்லாம் கடைசியில் இங்கே வந்து இறங்குகிறது. நாலு நாணயச்சாலையின் குறியும் ஒரே கல்லாவில் கிடைக்கிற ஊர் வேறு எத்தனை இருக்கும்? வங்கிப் பாக்கெட்டோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு இது தெரியாமலே போகும்.

அன்று எடுத்தவற்றில் ஒன்று ஒரு திர்ஹாம். ஒரு பக்கத்தில் நீண்ட மூக்குள்ள அரபுக் காபிக் கூஜா. வளைகுடா நாணயம் நம் பக்கம் வருவதில் ஆச்சரியம் இல்லை, வீட்டுக்கு ஒருவர் அங்கே இருக்கிற ஊர்கள் எத்தனை. இலங்கைக் காசும் அவ்வப்போது வரும்.

11 ஆகஸ்ட்

செம்பில் அடித்த அஞ்சு ரூபாய் கிடைத்திருக்கிறது, பெரிய பிழை நாணயம் என்று படம் போட்டிருக்கிறார் முட்டத்து நண்பர். படத்தில் சிவந்துதான் இருக்கிறது. ஆனால் இது பிழை அல்ல, கடல்.

நிக்கல் பித்தளையில் நூற்றுக்கு 75 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம், 5 பங்கு நிக்கல். உப்பு நீரில் கிடந்தால் துத்தநாகம் மேற்பரப்பிலிருந்து முதலில் கரைந்து போகும், செம்பு மிஞ்சும், நிறம் சிவக்கும். முக்கடல் கூடுகிற இடத்தில் காசு எறிகிறார்கள், அலை அதைத் திரும்பக் கொண்டுவந்து போடுகிறது, பொறுக்கி எடுத்தவர் கடையில் கொடுத்துவிடுகிறார். தராசில் வையுங்கள், 6 கிராமுக்குக் குறைவாக இருக்கும். லென்ஸில் பார்த்தால் பரப்பு சொரசொரவென்று பொடிப்பொடியாகத் தெரியும். அச்சிலிருந்து வந்த நாணயத்தின் பரப்பு அப்படி இருக்காது.

விற்க முடியாது, ஆனால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நம் கடலின் கைவேலை அது. நானும் சிலவற்றைத் தனி உறையில் வைத்திருக்கிறேன்.

அதே நாள்

பிழை என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மையம் விலகி அடித்தது, விளிம்பில் பிறை போலத் தகடு குறைந்தது, அச்சில் விரிசல் விழுந்து நாணயத்தில் மேடான கோடாக வந்தது, இவை உண்மைப் பிழைகள். கோடு பள்ளமாக இருந்தால் அது வெறும் கீறல். பத்து ரூபாயின் நடு வட்டத்தைச் சுத்தியலால் தட்டிக் கழற்றித் திருப்பிப் பொருத்தி விற்கிறார்கள். உலோகங்கள் சேரும் இடத்தில் நசுங்கல் தெரிந்தால் விலகிவிடுங்கள்.

நீங்களே எளிதாகக் கண்டுபிடிக்கக்கூடிய பிழை, திரும்பிய அச்சு. நாணயத்தின் இரு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு, புத்தகப் பக்கம் புரட்டுவதுபோலப் பக்கவாட்டில் திருப்புங்கள். நம் நாணயத்தில் மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் எடுத்து வையுங்கள். இதற்குத்தான் இயந்திரம் ஒட்டிய புதுப் பாக்கெட்டும் பயன்படும். ஒரு அச்சு திரும்பிப் போனால் அதிலிருந்து வந்தவை அடுத்தடுத்துப் பாக்கெட்டுக்குள் விழும். முதல் பதிவில் புதுப் பாக்கெட்டை ஒதுக்கச் சொன்னேன், பிழை தேடுகிறவர் அதை ஒதுக்க வேண்டாம்.

30 ஆகஸ்ட்

ஒரு ரூபாய்ப் பாக்கெட்டில் இரண்டு ரூபாய் இருக்கிறதே, வங்கியில் கணக்குத் தவறா என்று கேட்டிருக்கிறார்கள். தவறு யார் மேலும் இல்லை. 1992 முதல் வந்த ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். 2011 வரிசையின் இரண்டு ரூபாயும் அதே 25 மில்லிமீட்டர், அதே 4.85 கிராம். இரண்டும் எஃகு. கடைக்காரர் கையும் ஏமாறும், தராசும் ஏமாறும். இரண்டு ரூபாய்ப் பாக்கெட்டிலும் அதனால் பழைய ஒரு ரூபாய் கிடைக்கும். அப்படிக் கலந்து வந்த ஒரு ரூபாய்களைத் தள்ளிவிடாமல் குறியைப் பாருங்கள், கிரெம்னிட்சா, மெக்சிகோ எல்லாம் அந்த அளவு நாணயத்தில்தான்.

கூடுதலாக வந்த ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தார். நான் கொடுப்பேன். அடுத்த முறை அதே கேஷியரிடம்தான் போய் நிற்கப் போகிறோம்.

14 செப்டம்பர்

பத்து ரூபாய். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. போன வாரம் ஒரு கடையில் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுத்தார்கள். நாணயத்தில் கதிர்போல விரியும் கோடு பத்து இருந்தால் நல்லது, பதினைந்து இருந்தால் போலி என்று அவர்களுக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். ரூபாய்க் குறியீடு 2010இல் ஏற்கப்பட்டு, 2011இலிருந்து நாணயத்தில் வந்தது. அதற்கு முந்தையவற்றில் அது இருக்காது, கோடும் மாறும், அவ்வளவுதான். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று அறிவித்தது.

இந்த மறுப்பால் சேகரிப்பாளருக்கு லாபம்தான், பத்து ரூபாய் வங்கியில் குவிந்து கிடக்கிறது, கேட்ட அளவு தருவார்கள். ஆனாலும் எனக்கு இது வருத்தமான விஷயம். பூ விற்கிற ஆச்சி ஒருவர், "இத ஆரும் வாங்க மாட்டேங்குறாவ மக்கா, நீ எடுத்துக்கோ" என்று பத்து ரூபாய் நாணயங்களை ஒன்பது ரூபாய் வீதம் தர வந்தார். முழுத் தொகையும் கொடுத்து, வங்கியில் இதைக் கட்டாயம் வாங்குவார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீங்களும் உங்கள் தெருவில் சொல்லுங்கள். சந்தேகப்படுபவரிடம் நாணயத்தை நீட்டிப் பேசுங்கள், எடுத்த எடுப்பில் சண்டை வேண்டாம்.

6 அக்டோபர்

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சக்கரம் என்ற பழைய காசு வங்கியில் கிடைக்குமா என்கிறார் பத்மநாபபுரத்துக்காரர். கிடைக்காது. 1956 நவம்பர் 1இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்பே அவை புழக்கத்திலிருந்து போய்விட்டன. அதைத் தேட வேண்டிய இடம் பாட்டியின் பெட்டி. பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், இருபத்தெட்டுச் சக்கரம் சொச்சம் ஒரு பிரிட்டிஷ் ரூபாய். வெள்ளிச் சக்கரம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அதை எண்ணவே குழி போட்ட மரப்பலகை வைத்திருந்தார்கள், ஒரு அள்ளு அள்ளிப் பரப்பினால் குழிக்கு ஒன்றாக விழும், எண்ணிக்கை முடிந்தது. சங்கு முத்திரையும் கொல்லம் ஆண்டும் பாருங்கள். 1116 என்றிருந்தால் கி.பி. 1940-41. தயவுசெய்து தட்டாரிடம் கொடுத்து உருக்கிவிடாதீர்கள்.

1 டிசம்பர்

கழுவுவது பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். புளி, எலுமிச்சை, விபூதி, பல்பொடி எதுவும் வேண்டாம். பளபளப்பு வரும், மேல்தோல் போய்விடும், திரும்ப வராது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அசிட்டோனில் ஊறவைத்து எடுத்து, துடைக்காமல் உலரவிடுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம், தீப்பிடிக்கும். வெறும் தூசிக்குக் காய்ச்சி வடித்த நீர் போதும்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் காற்றிலேயே உப்பு. மலிவான பிவிசி உறையில் வைத்தால் இரண்டு மழைக்காலத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கும். மைலார் (பாலியெஸ்டர்) உறை வாங்குங்கள், இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். விரலால் முகத்தைத் தொடாமல் விளிம்பைப் பிடித்து எடுங்கள்.

12 ஜனவரி 2025

ஐயப்ப சீசன் முடியப் போகிறது. மச்சான் கல்லாவில் இந்த முறை ஹைதராபாத் நட்சத்திரம் புள்ளியை முந்திவிட்டது, ஆந்திரா, தெலங்கானா பக்தர்கள் கணக்கு. நல்ல நிலையில் ஒரு மாஸ்கோ அஞ்சு ரூபாயும் வந்தது. குமரித் தொகுப்பில் எனக்கு இன்னும் கயிறு வாரியப் பத்து ரூபாய் வரவில்லை. களியக்காவிளைக்கு அப்பால், கேரளத்தில், பத்து ரூபாயைத் தயங்காமல் வாங்கிக் கொடுக்கிறார்கள், அந்தப் பக்கம் போய்வருகிற பஸ் கண்டக்டர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு நாணயத்தோடும் ஒரு துண்டுச் சீட்டு வைக்கச் சொல்லி எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்: எந்த ஊர், வங்கியா கல்லாவா, எந்த மாதம், பாக்கெட்டில் என்ன வாசனை. வருஷத்தைப் பிறகு யார் வேண்டுமானாலும் லென்ஸ் வைத்துப் படித்துக்கொள்ளலாம், எங்கே கிடைத்தது என்பதை எடுத்தவர் மட்டும்தான் எழுத முடியும். என்னிடம் நொய்டா புள்ளி போட்ட அஞ்சு ரூபாய் கூடுதலாக இருக்கிறது. கொல்கத்தா நாணயம் குறைவு. மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்கள் சீட்டோடு வரலாம்.